சட்டக் கல்லூரிக்கு முந்தைய நான்கு ஆண்டுகள்



சட்டம் படிக்க விரும்புவதாகப் பிள்ளை சொன்னவுடன், இளநிலையில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்றே நாம் முதலில் வினவுகிறோம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அமெரிக்காவில் முதலில் இளநிலைப் பட்டம். அதன்பின் மூன்றாண்டு ஜே.டி. படிப்பு. அப்பட்டம் இன்ன துறையில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் எத்துறையையும் தனித்துப் பரிந்துரைப்பதில்லை. வரலாறாயினும் கணிதமாயினும் இசையாயினும் தடையில்லை.

"எதற்கும் பொறியியலும் இருக்கட்டுமே" என்று நம்மவர் வற்புறுத்துவதுண்டு. பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காப்புரிமைச் சட்டத்தில் நாட்டமுள்ளவர்க்கு அது நல்ல வழி. காப்புரிமை அலுவலகத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பின்புலம் வேண்டும். நாட்டமில்லாத பிள்ளைக்கோ அது மதிப்பெண்ணைக் குறைக்கும் சுமையே.

அம்மதிப்பெண் கணக்கைப் பலரும் அறிவதில்லை. சட்டக் கல்லூரிச் சேர்க்கை மன்றம் தரப்புள்ளிச் சராசரியைத் தானே கணக்கிடுகிறது. முதல் பட்டத்திற்கு முன்பு எக்கல்லூரியில் படித்த பாடமும் அதில் சேரும். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபடியே சமுதாயக் கல்லூரியில் எடுத்த பாடமும் சேரும். பதினாறு வயதில் விளையாட்டாக வாங்கிய 'சி', விண்ணப்பிக்கும் நாளில் எதிரே வந்து நிற்கும். மீண்டும் படித்து 'ஏ' பெற்றாலும், பழையது சான்றிதழில் இருக்குமாயின் இரண்டுமே எண்ணப்படும்.

அடுத்தது எல்சாட் தேர்வு. மதிப்பெண் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டது. தருக்கப் பகுதிகள் இரண்டும் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்றுமே இப்போது மதிப்பிடப்படுகின்றன. மனப்பாடம் இங்கே உதவாது. கடினமான கட்டுரைகளை நாள்தோறும் வாசித்து, ஆசிரியரின் வாதம் எங்கே வலுவிழக்கிறது என்று தேடும் பழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்.

இவையெல்லாம் பணத்தோடும் தொடர்புடையவை. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் சட்ட மாணவர்க்கு நடுவணரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் மட்டுமே. பல கல்லூரிகளில் கட்டணமே அதனை விஞ்சும். எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு அக்கடனும் கிடையாது. கல்லூரிகள் தரும் உதவித்தொகையோ பெரும்பாலும் மேற்சொன்ன இரு எண்களைப் பார்த்தே வழங்கப்படுகிறது.

இளையோர்க்கு ஒன்று. பரிந்துரைக் கடிதத்தைக் குடும்ப நண்பரான மருத்துவரிடம் கேட்காதீர்கள். உங்கள் எழுத்தைத் திருத்திய பேராசிரியரே அதற்கு உரியவர். முந்நூறு பேர் அமரும் வகுப்பில் அவர் உங்களை அறியமாட்டார். சிறிய வகுப்புகளைத் தேர்ந்தெடுங்கள். அவரது அலுவலக நேரத்தில் சென்று பேசுங்கள்.