ஜனாதிபதிக்கு மணி ஐயர் எழுதிய கடிதம்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய பேச்சு)



யுத்த காலத்து அமெரிக்க ஜனாதிபதி ஒருவருடைய சொற்பொழிவுகளையும் கடிதங்களையும் பற்றிப் பேசும்படி நமது செயலாளர் என்னைக் கேட்டபோது, நான் ஆபிரகாம் லிங்கனைப் பற்றியே பேசுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். மிஷன் பாடசாலையிற் படித்தவன் லிங்கனுடைய கெற்றிஸ்பேர்க் பேச்சை மனனஞ் செய்யாமல் வெளியே வருவது அரிது. நானும் மனனஞ் செய்தேன், பரிசும் பெற்றேன். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொள்வது உட்ரோ வில்சனை. அவருடைய பேச்சை மெய்யென்று நம்பித் தமிழர் ஒருவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். லிங்கனுடைய பேச்சை ஒப்புவிக்கத் தெரிந்த எனக்கு, அந்தக் கடிதம் ஒன்று உண்டென்பதே பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னர்தான் தெரிந்தது.

1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆந் திகதி வில்சன் தமது நாட்டுக் காங்கிரஸின் முன் தோன்றி, ஜேர்மனியின்மீது யுத்தப் பிரகடனஞ் செய்யுமாறு கேட்டார். நிலம் பிடிப்பதற்காக அல்ல, மக்களாட்சிக்கு உலகம் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்பதற்காகவே போர் புரிகிறோம் என்றார். சிறிய தேசங்களின் உரிமையையும் எடுத்துரைத்தார். அதே ஏப்பிரல் 2ஆந் திகதி, கொழும்பிலே நமது சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் ‘எமது அரசியல் தேவைகள்’ என்னும் பேருரையை நிகழ்த்தினார்கள். ஒருவர் பேசியதை மற்றவர் அறியார். தற்செயலாய் நேர்ந்த பொருத்தமே. ஆயினும், தன்னாட்சி என்ற எண்ணம் வில்சனிடமிருந்துதான் நம்மவருக்கு வந்தது என்று யாராவது சொன்னால், இந்தத் திகதியை அவருக்கு எடுத்துக் காட்டலாம்.

சென்னையிலே வில்சனுடைய பேச்சை ஊன்றிப் படித்தவர் சேர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றால் அந்நாளில் எல்லோருக்குந் தெரியும். 1842இல் மதுரையிற் பிறந்தவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. அங்கே தலைமை நீதிபதிப் பதவியைத் தற்காலிகமாகவேனும் வகித்த முதல் இந்தியர். அரசாங்கம் கொடுத்த பட்டங்களுக்குக் குறைவில்லை. அப்படிப்பட்டவர் முதுமையிலே ஹோம் ரூல் இயக்கத்திற் சேர்ந்தார். 1917 ஜூன் மாதத்தில் அரசாங்கம் அன்னி பெசன்ட் அம்மையாரைக் காவலில் வைத்தது. அம்மாதம் 24ஆந் திகதி, எழுபத்துநான்கு வயதுக் கிழவர் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்.

அதைத் தபாலிற் போட முடியாது. யுத்த காலத் தணிக்கை உண்டு. ஆகவே அமெரிக்கா செல்லவிருந்த ஹொட்ச்னர் என்னும் பிரம்மஞான சபையாரிடமும் அவர் மனைவியாரிடமும் கொடுத்தனுப்பினார். இந்த முறை நம் தீவகத்து மக்களுக்குப் புதிதன்று. பாதை மூடியிருந்த காலத்தில், கொழும்புக்குப் போகிறவர் யார் என்று விசாரித்து, அவர் கையிலே கடிதத்தைத் திணித்து, போய்ச் சேருமோ என்று மாதக்கணக்காய்க் காத்திருந்த தாய்மார் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள்.

கடிதத்தில் எழுதியிருந்தது என்ன? அந்நிய மொழி பேசும் அதிகாரிகள் தங்களுக்குத் தாங்களே பெருஞ் சம்பளம் விதித்துக்கொள்கிறார்கள்; கல்வியை மறுக்கிறார்கள்; சம்மதம் கேளாது வரி சுமத்துகிறார்கள்; நாட்டுப்பற்றைப் பேசியவர்களைச் சிறையில் அடைக்கிறார்கள் என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். உமது யுத்தப் பேச்சிலே சொன்ன கொள்கை இந்தியாவுக்கும் உண்டா என்பதே கேள்வி. இப்படிக் கேட்டவர் பழைய நீதிபதி. சட்டத்தின் வாசகத்தை ஒருவர் ஓதினால், அது யாருக்கெல்லாம் செல்லும் என்று கேட்பது அவருடைய தொழில்.

இனி, என்னை உறுத்துகிற ஒரு பகுதியையும் சொல்லவேண்டும். ஹோம் ரூல் தருவதாக உடனே வாக்குறுதி கொடுத்தால், மூன்று மாதத்தில் ஐம்பது இலட்சம் பேரைப் போர்முனைக்கு இந்தியா தரும், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐம்பது இலட்சம் பேரைத் தரும் என்று எழுதியிருக்கிறார். ஒரு கோடி வாலிபர்! அவர்களில் ஒருவனையாவது அவர் கேட்டாரா? சென்னையில் இருந்துகொண்டு ஒரு கோடி உயிரை ஈடு வைக்க யார் அவருக்கு அதிகாரம் கொடுத்தது? அந்த யுத்தத்துக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோரே பத்து இலட்சத்துக்கு மேல். மாண்டவர் எழுபதினாயிரத்துக்கு மேல். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். அவருடைய துணிவை நான் வணங்குகிறேன், இந்தக் கணக்கை வணங்க மாட்டேன். வாலிபரைக் கணக்கிற் சேர்க்கும்போது வாலிபரைக் கேளாமலிருப்பது அவரோடு முடிந்துபோன பழக்கம் அன்று.

கடிதச் செய்தி 1918இல் இங்கிலாந்திலே பெரும் புயலைக் கிளப்பியது. பாராளுமன்றத்திற் கேள்வி எழுந்தது. இந்திய மந்திரி மொண்டேகு அதை வெட்கக்கேடான கடிதம் என்று கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. கே.சி.ஐ.இ. பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ‘சேர்’ போய் வெறும் மணி ஐயரானார். பட்டத்துக்காக நடையாய் நடந்தவர்களின் கதையை நாம் அறிவோம். பட்டத்தை விட்டவரின் கதைதான் நமக்கு அதிகம் சொல்லப்படுவதில்லை.

வில்சன் மேலும் பேசினார். 1918 ஜனவரி 8ஆந் திகதி அவர் வெளியிட்ட பதினான்கு அம்சங்களில் ஐந்தாவது, குடியேற்ற நாடுகளைப் பற்றியது. அங்குள்ள மக்களின் நலனுக்கும் சரிசமமான நிறை கொடுக்கவேண்டும் என்றார். சென்னையிலே கணேஷ் கம்பெனியார் அவருடைய சொற்பொழிவுகளைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டார்கள். இவ்வளவு ஆசையோடு படிக்கப்பட்ட அந்த மனிதருடைய ஆட்சியிற்றான், வாஷிங்டன் அரசாங்க அலுவலகங்களிற் கறுப்பின ஊழியரைப் பிரித்துவைக்கும் வழக்கம் வலுப்பெற்றது என்பதைப் படித்தவர்களில் எத்தனைபேர் அறிந்திருந்தார்களோ! 1919இல் பாரிஸ் நகரச் சமாதான மகாநாட்டில் இந்தியாவின் தன்னாட்சி பேச்சுக்கு எடுக்கப்படவேயில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவுக்குக் கிடைத்தது ரௌலட் சட்டம். ஏப்பிரல் 13ஆந் திகதி கிடைத்தது ஜாலியன் வாலாபாக் படுகொலை. இலங்கையிலே, 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் ஆரம்பமாகி, அருணாசலம் அவர்கள் அதன் முதல் தலைவரானார்கள்; இரண்டு வருடத்துக்குள் மனம் நொந்து விலகியும் விட்டார்கள். அது வேறொரு நாட் பேச்சுக்குரியது.

அந்நிய நாட்டுத் தலைவர்களுக்கு மகஜர் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிய அனுபவம் நம் பெரியோர் பலருக்கு உண்டு. ‘எழுதி என்ன பயன்?’ என்று நான் வீட்டிலே கேட்டதுண்டு. மணி ஐயருடைய கடிதத்தை அறிந்த பின்னர் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். பயன் உண்டென்று தெளிந்ததனால் அல்ல. பெரிய பேச்சொன்றைப் பேசியவரிடம், அது எங்களுக்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டார் என்பதாவது எழுத்திற் பதிந்திருக்கிறது. அவர் கேளாதிருந்தால், வில்சனுடைய பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும்; அதையும் நான் மனனஞ் செய்து பரிசு பெற்றிருப்பேன்.

மணி ஐயர் 1924 டிசம்பர் 5ஆந் திகதி காலமானார். சென்னைப் பல்கலைக்கழகத்து முதல் இந்தியத் துணைவேந்தரும் அவரே. அங்கே செனற் மண்டபத்தின் முன்றிலில் அவருடைய சிலை நிற்கிறது. வைத்தியத்துக்காகவும் புடைவை வாங்கவும் சென்னைக்குச் செல்லும் நம்மவர் மெரினாக் கடற்கரைக்குப் போகத் தவறுவதில்லை. வீதியைக் கடந்தால் மண்டபம். அடுத்த முறை போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்து வாருங்கள்.