விளையாட்டுத் திட்டங்களும் நம் பிள்ளைகளும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசையில் கைதட்டுவது கேட்கிறது. பொறுங்கள் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

மக்கள் ஓடியாட வேண்டும் என்று நம் அரசாங்கம் திட்டம் போடுவது புதிதல்ல. 1988-இல் தேசிய விளையாட்டுக் கொள்கை வந்தது. 2008-இல் பள்ளிகளுக்கு 'செகாக்' உடல்தகுதிச் சோதனை வந்தது. 2011-இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்றார்கள். 2015-இல் தேசிய விளையாட்டு நாள் பிறந்தது. திட்டத்துக்குப் பஞ்சமில்லை. பலன் என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் மிஞ்சிய எடையோடு இருந்தார்கள். அதற்காகத் திட்டமெல்லாம் வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. எடைக்கு இனிப்புத் தண்ணியும் பொரித்த கோழியும் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டுத் திட்டத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிள்ளை ஓடினானா, எவ்வளவு நேரம் ஓடினான்?

'செகாக்' சோதனையில் பிள்ளைகள் பலகையில் ஏறி இறங்குகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள், கால் நீட்டி உட்கார்ந்து எட்டித் தொடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை. நல்லதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிட ஓட்டம் ஆட்டம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆண்டில் இரண்டு நாள் அளந்துவிட்டால் உடம்பில் வலு ஏறிவிடுமா?

'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' எனக்குப் பிடித்த திட்டம். கெட்டிக்கார ஓட்டக்காரன் மட்டுமல்ல, எல்லாப் பிள்ளையும் ஆட வேண்டும் என்கிறது. ஆனால் நாற்பதே பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில், கால்பந்துக்கு இரண்டு அணி எப்படித் தேறும்? திடலே இல்லாத பள்ளி என்ன செய்யும்? பதிவேட்டில் எல்லார் பேரும் இருக்கும், வியர்த்தவன் யாரென்று பதிவேடு சொல்லாது.

நிற்க. அண்டை நாடான சிங்கப்பூரில் 1992-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பருத்த பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்டார்கள். பருத்த பிள்ளைகளின் விகிதம் குறைந்தது, உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளைச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கணக்கு மட்டும் சரியாக வந்தால் போதாது, பிள்ளை மனம் நோகாமலும் இருக்க வேண்டும் அல்லவா?

தோட்டத்துப் பெரியவரிடம் போய், "வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பை அசைங்க" என்றால் சிரிப்பார். விடியலில் பெரட்டுக்குப் போய், மரம் மரமாய் நடந்து, செம்பனைக் குலை தூக்குகிறவர் அவர். அந்த உழைப்பும் கணக்கில் சேரும். ஆனால் மகன் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்ட்டான். அப்பனுடைய சாப்பாடு அவனுக்கும் உண்டு, அப்பனுடைய நடை இல்லை. அதே 2019 ஆய்வில், நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. எந்த இனத்திலும் இவ்வளவு இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுப் பையன்களில் நூற்றுக்கு 78 பேருக்குப் போதிய ஓட்டமில்லை, பெண்பிள்ளைகளில் 85 பேருக்கு இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு என்ன விளையாட்டு, வந்து பாத்திரத்தைக் கழுவு" என்கிறோமே, அதைத் திருத்த எந்த அமைச்சும் சுற்றறிக்கை அனுப்ப முடியாது.

பின்வரிசைத் தம்பிகளே, இதோ உங்கள் வேலை. சனிக்கிழமை திடலுக்கு வரும்போது தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவளுக்கும் பந்து கொடுங்க. இருப்பது ஒரே பந்துதான் என்றால் சங்கத் தலைவரிடம் கேளுங்கள். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.