ரிப்போர்ட்ல இருந்த நாலு எழுத்து

இன்னைக்கு டெக் பேச்சு கிடையாது.

கொஞ்ச நாள் முன்னாடி என் வாட்ஸ்ஆப்புக்கு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. பாப் ஸ்மியர் ரிப்போர்ட். ஆபீஸ் மீட்டிங் நடுவுல திறந்து பார்த்தேன். கடைசி வரியில எல்எஸ்ஐஎல்னு நாலு எழுத்து. கர்ப்பப்பை வாய் செல்கள்ல லேசான மாற்றம்னு அர்த்தம். கூகுள் பண்ணா முதல் பக்கத்துலயே புற்றுநோய். அந்த மீட்டிங்ல என்ன பேசினாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். படிச்சிட்டு ரொம்ப நேரம் அமைதியா இருந்தார். அப்புறம், "இது எப்படி வந்திருக்கும்?"னு கேட்டார். கேள்வி சாதாரணம்தான். கேட்ட விதம் சாதாரணமா இல்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த மாற்றத்துக்குக் காரணம் ஹெச்பிவி என்கிற வைரஸ். அது ஒரு வைரஸ் இல்ல, 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். 6, 11 மரு உண்டாக்கும், புற்றுநோய் வரை போறது மிக அபூர்வம். 16, 18 வேற ரகம். உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த ரெண்டும்தான் காரணம். 1983, 84-இல் இவற்றைப் பிரித்துக் காட்டிய குழுவை வழிநடத்திய ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ எல்எஸ்ஐஎல் வந்தவங்களுக்கு ஆபத்தில்லாத நம்பர்தானே இருக்கும்? நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்ல. அமெரிக்காவில் ஆல்ட்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்எஸ்ஐஎல் வந்த பெண்களுக்கு ஹெச்பிவி டெஸ்ட் எடுத்து, யாருக்கு மேல்பரிசோதனை தேவைன்னு பிரிக்கலாமான்னு பார்த்தாங்க. 2000-இல் முடிவு வந்தது: சுமார் 83 சதவீதம் பேருக்கு ஹை ரிஸ்க் வகை பாசிட்டிவ். கிட்டத்தட்ட எல்லாருக்கும் அடிக்கிற அலாரத்தை வச்சு யாரைப் பிரிக்கிறது?

ஆனா நம்பரைப் பார்த்தா கதை மாறுது. அதே ஆய்வில் 16 இருந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கும் மேல, ரெண்டு வருஷத்துக்குள்ள தீவிர மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற ஹை ரிஸ்க் வகைகள் இருந்தவங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு. தீவிர மாற்றம்னா அதுவும் புற்றுநோய் இல்ல, சிகிச்சையில் சரி பண்ணக்கூடிய முன்நிலை. லேசான மாற்றமோ இளம் வயசுல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா மறைஞ்சிடும், உடம்பே வைரஸை அடக்கிடும். அடங்காம வருஷக்கணக்கா தங்கினாத்தான் பிரச்சினை.

எனக்கு 16, 18 ரெண்டும் நெகட்டிவ். 'மற்ற ஹை ரிஸ்க்' பாசிட்டிவ். கால்போஸ்கோப்பி பண்ணாங்க. லென்ஸ் வழியா பார்த்து, துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறது. கொஞ்சம் வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். அதுலயும் லேசான மாற்றம்தான். மருந்து எதுவும் கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க.

வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை நான் டாக்டர்கிட்ட அவர் முன்னாடியே கேட்டேன். டாக்டர் நேரா அவரைப் பார்த்துச் சொன்னாங்க: "இது எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. வருஷக்கணக்கா அறிகுறியே இல்லாம இருக்கலாம். உங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம்." தாம்பத்யம்னு ஒண்ணு இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இது வந்து போகுமாம். காரில் திரும்பி வரும்போது அவர் "சாரி"ன்னார். நான் உடனே "பரவாயில்ல"ன்னு சொல்லல. ரெண்டு சிக்னல் தாண்டின அப்புறம்தான் சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வயசு 54. இந்த டெஸ்ட் ஒரு தடவைகூட எடுத்ததில்ல. "எனக்கு எதுக்குடி, நல்லாத்தானே இருக்கேன்"னாங்க. நானும் நல்லாத்தான்மா இருந்தேன்னு சொன்னேன். சனிக்கிழமை பத்தரை மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன்.