ஜிப்மரைத் தாண்டி ஒரு கடல்

பெரம்பலூர்ச் சீமையில், எங்கள் குன்னம் பக்கத்தில் ஒருவர் பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்றால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் முதலில் கேட்போம். நமக்கு அந்த ஊர் என்றால் ஜிப்மர் ஆஸ்பத்திரி. கோரிமேட்டில் இறங்கி, விடிவதற்குள் சீட்டு வாங்க வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். வருஷக்கணக்கில் ஜிப்மருக்கு அலைந்தும் அந்தக் கடலைப் பார்க்காதவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும், நோய்க்காக இல்லாமல், சும்மா போய் அந்த ஊரில் சில நாள் தங்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"செலவு பிடிக்கும் ஊராச்சே" என்பீர்கள். உண்மைதான். கடலை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்கள் ரொம்பச் சின்னப் பரப்பு. 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பழைய வீதிகளின் போக்கிலேயே மறுபடி கட்டினார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக நிற்கும் அந்த வீடுகளில் பல இன்று தங்கும் விடுதிகள். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் குவிகின்றன. புதிதாகக் கட்ட இடமில்லை, வருகிற கூட்டமும் குறைவதில்லை. கடல் தெரியும் நல்ல அறையில் ஒரு ராத்திரி தங்கும் பணத்துக்கு நம் வீட்டில் ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம். பென்ஷனை எண்ணிச் செலவு செய்கிறவருக்கு மனசு வராது.

ஆனால் பாருங்கள், அந்தப் பணமெல்லாம் அறைக்குத்தான். கடலுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. கடற்கரைச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். சாயங்காலம் ஆனதும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலைவரை அது நடப்பவர்களின் சாலை. முழங்கால் வலிக்காரர்கள் ஹாரனுக்குப் பயப்படாமல் நடக்கலாம், முடியாதபோது கைப்பிடிச் சுவரில் உட்காரலாம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள். திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கம் வாடகை குறைந்த அறைகளும் கிடைக்கும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவிடமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் அடைக்கலம் புகுந்திருந்த ஊர் இது.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-இல் தெற்கே துறைமுகம் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே அலை இழுத்துவரும் மணல் தடைப்பட்டுப்போனது. ஊரின் கரையைக் கடல் அரித்தது. கருங்கல்லைக் கொட்டி அணை போட்டார்கள். ஒரு தலைமுறை அந்தக் கல்லைத்தான் கடற்கரை என்று பார்த்து வளர்ந்தது. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்குள் ஓர் இரும்புத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து மணல் திரும்பியது. அந்த மணலில் கால் புதைய நிற்கும்போது, கெடுத்ததைச் சரிசெய்யவும் மனிதனால் முடிகிறதே என்று எனக்கு நிறைவாக இருந்தது.

இப்போது, நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 58 வயதில் ஓய்வு என்றிருந்தது. 2020-இல் 59, 2021-இல் 60 என்று உயர்த்தினார்கள். அவருடைய மனைவிக்கு எந்த வயதில் ஓய்வு? கணவர் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து, வேளா வேளைக்கு இன்னொரு டம்ளர் காபி போட வேண்டியதாகிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் அதற்குத் தனிச் சமையல். கோயிலுக்கு வேன் பிடித்துப் போனாலும், புளிச்சோறு கட்டுவதற்கு முந்தின ராத்திரியே கண்விழிக்கிறவர் அவர்தான்.

நாங்கள் பாண்டிச்சேரி போய்த் தங்கிய முதல் நாள் காலை, என் மனைவி நாலரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாசல் தெளிக்க வேண்டாம், பால் காய்ச்ச வேண்டாம், மாட்டுக்குத் தீனி போட வேண்டாம். கை சும்மா இருக்க முடியாமல் போர்வையை மடிப்பதும் பிரித்து மறுபடி மடிப்பதுமாக இருந்தார். பிறகு இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். "ஏங்க, இன்னும் யாரும் நம்மகிட்ட எதுவும் கேக்கலியே" என்றார். அடுத்தடுத்த நாட்களில் நான் எழுப்பித்தான் எழுந்தார். நான் கொடுத்த வாடகை இதற்குத்தான். ஒரு ரூபாய்கூட வீணில்லை.

நம் ஊருக்கும் கடலுக்கும் உறவில்லை என்றும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர்ச் சீமை கடலுக்கடியில் கிடந்தது. காரை கிராமத்தில் இன்றும் நத்தைச் சுருள் போன்ற கடலுயிர்ப் படிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-இல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போனதுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையும் புயலும் வரும் காலம். தை, மாசியில் மக்காச்சோளம் வீடு வந்திருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். ஞாயிறு சாயங்காலம் கூட்டம் கிளம்பியபின் போய்ச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை காலை திரும்பிவிடுங்கள். இடையில் வாடகை இறங்கியிருக்கும். மாடிப்படி ஏற வேண்டாத கீழ் அறையாகக் கேளுங்கள். வழுக்குப் பாறைமேல் இறங்காதீர்கள். மாத்திரைச் சீட்டை மறக்காதீர்கள். அடுப்போ அரிசியோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்பதை மட்டும் வீட்டம்மா சொல்லட்டும்.