கொத்தமல்லித் தண்ணியும் பிள்ளையின் மூச்சும்

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழை பிடித்துவிட்டது. லயத்தில் ஒரு காம்பராவில் இருமல் கேட்டால், அடுத்த கிழமை எல்லாக் காம்பராவிலும் கேட்கும். "கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா தடிமன் வராதுதானே ஐயா?" என்று பலர் கேட்கிறீர்கள்.

கொத்தமல்லியை நான் குறை சொல்ல மாட்டேன். இலேசாக வறுத்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப்போட்டு அவித்து இளஞ்சூட்டில் குடித்தால் தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீரும் சேரும். ஆனால் வைரஸ் கிருமியை அது தடுத்து நிறுத்தாது. 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவுக்கு மருந்து என்று தேன், சாதிக்காய் சேர்த்த ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். கிருமிக்கு அந்தக் கூட்டமே போதும்!

உடம்புக்குப் பலம் தருவது அன்றாடச் சாப்பாடுதான். காலையிலும் ரொட்டி சம்பல், இரவிலும் ரொட்டி சம்பல் என்றால் எப்படி? பருப்பு, நெத்தலி, வல்லாரை, முடிந்த நாளில் முட்டை, ஒரு கொய்யாப்பழம் சேருங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நாம் பறித்த கொழுந்துதான், என்றாலும் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், கொத்தமல்லித் தண்ணியும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவவும் கூடாது, அது ஆபத்து. குளிருக்கு இதமென்று பிள்ளையை அடுப்படிப் புகையில் வைத்திருப்பதும் நெஞ்சுக்குக் கெடுதல்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இருமுகிற பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் கசாயம் வைத்துக்கொண்டு இருக்காதீங்க. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படித்தான். உடனே ஆஸ்பத்திரி. "இன்னைக்குப் பேர் போயிடுமே, நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீங்க. ஒரே இரவில் நிமோனியா முற்றிவிடும்.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. றோட்டு லயம்வரை வராத டிவிஷன்காரர்கள், பிள்ளையை எந்த இடம்வரை தூக்கிவர வேண்டும், இரவில் யார் கூட வருவது என்பதை இன்றைக்கே தலைவர்மாரோடு பேசி வையுங்கள்.