இலை உதிர்ந்த மரமெல்லாம் பட்ட மரமா?



தை, மாசி மாதங்களில் காலையில் பனி கொட்டும். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். இந்த நேரத்தில் வரப்போரத்து வாகையைப் பாருங்கள். இலையெல்லாம் கொட்டி, காய்ந்த நெற்று மட்டும் காற்றில் சலசலக்கும். வேலிக் கிளுவை வெறும் குச்சியாக நிற்கும். "மரம் பட்டுப்போச்சு, விறகுக்குக் கொடுத்திடலாம்" என்பார் ஒருவர். 20 வருஷம் வளர்ந்த மரம் அரை நாளில் சாய்ந்துவிடும். கோடையில் துளிர்த்து நிழல் தரவேண்டிய மரம் அது!

நாளைக்கு அந்த நிலத்தைப் பார்க்கப் போவது நம் பிள்ளைகள். மரத்தை அறிய அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க இதுதான் ஏற்ற பருவம். லீவு நாளில் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மரம் ஏன் இலையை உதிர்க்குது? இதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். இலை உள்ள புங்கங்கிளை ஒன்றில் பாலிதீன் பையை மாட்டி, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பைக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். இலையில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே வெளியேறிய நீர் அது. இலையில்லாத கிளையில் கட்டினால் அவ்வளவு நீர் சேராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்ணில் ஈரம் குறைகிறது. வரவு குறைந்தால் நாம் செலவைச் சுருக்குகிறோம் இல்லையா? மரமும் அப்படித்தான் செய்கிறது.

உயிர் இருக்கா என்று எப்படி அறிவது? இளங்குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறச் சொல்லுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு குச்சி காய்ந்திருந்தால் மரமே போச்சு என்று முடிவு கட்டவேண்டாம். நாலைந்து கிளைகளில் பாருங்கள். ஒன்றை மட்டும் கண்டித்துச் சொல்லுங்கள்: அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரிக்கக்கூடாது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அது அறுந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துப்போகும்.

இலை இல்லாமல் பெயர் சொல்ல முடியுமா? முடியும். வேம்பின் பட்டையில் நீளவாக்கில் வெடிப்பு ஓடும். இளம் இலவ மரத்தில் முள் இருக்கும். கிளைகள் அடுக்கடுக்காக நீளும். அரசங்கிளையின் நுனிமொட்டு கூராக இருக்கும். இலை விழுந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியும். அதற்கு மேலே உள்ள சிறு மொட்டிலிருந்துதான் துளிர் வரும். பிள்ளைகளை இதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் துளிர் வந்த தேதியை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நாலு வருஷம் குறித்தால், எந்த மரம் எப்போது துளிர்க்கும் என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.

கீழே கிடக்கும் சருகைக் கொளுத்தாதீர்கள். சாணத்தோடு குழியில் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் நல்ல எருவாகும். அந்த வேலையையும் பிள்ளைகள் பழகட்டும்.

இனி மொட்டை மரத்தில் கோடாலி வைக்குமுன் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். "அப்பா, பச்சையா இருக்கு" என்று சொன்னால் கோடாலியைக் கீழே வைத்துவிடுங்கள்.