கீழே நிற்கும் வண்டிக்கு மாடியிலிருந்து ஒயர் வேண்டாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் இரண்டாம் மாடி வாடகைதாரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் ஐயா பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். என் தவறைச் சொல்லித் தொடங்குகிறேன்.

போன ஐப்பசியில் எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்க்கிங் வரை ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது என்னுடையதுதான். புது ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன், கீழே பிளக் பாயிண்ட் இல்லை. ஒயரின் இணைப்பை ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு அடியில் மூடிவைத்து, அதையே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மழையில் பக்கத்து வீட்டுப் பையன் பந்தை எடுக்கக் குனிந்தபோது அந்த வாளியைத் தொட்டிருக்கிறான். "அண்ணா, கை சுர்ருன்னுச்சு" என்று வந்து சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, ஹவுஸ் ஓனரைப் பார்க்கப் போனேன்.

அவர் எடுத்த எடுப்பில் முடியாது என்றார். "தம்பி, வேலூர் சேதி படிச்சீங்கல்ல? மேலே எட்டுக் குடும்பம் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படி வண்டிகள் எரிந்தன. அதன்பிறகுதான் மத்திய அரசு பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. ஏஐஎஸ் 156 என்ற அந்தத் தரம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை சர்வீஸ் சென்டரில் பேட்டரியைக் காட்டிவிடுங்கள். எந்த வண்டியானாலும் வாசல் நடையிலும் மாடிப்படிக்கு அடியிலும் சார்ஜ் போடாதீர்கள். தீ என்றால் நாம் எல்லோரும் வெளியே ஓடவேண்டிய வழி அதுதான்.

ஓனரின் இரண்டாவது கவலை, கட்டடத்தின் பியூஸ் போய்விடும் என்பது. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரு கீசர் 2,000 வாட் இழுக்கிறது. பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்கள் 1,000 வாட்டுக்குள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். சார்ஜர் நாலைந்து மணி நேரம் விடாமல் ஓடும். எங்காவது ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், அந்த இடம் மெல்லச் சூடேறி உருக ஆரம்பிக்கும். டிவிக்கும் செல்போனுக்கும் போட்ட சின்ன பிளக் பாயிண்டில் வண்டியைப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. கரண்ட் பில் யார் தலையில்?

சிலர் படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் இரண்டு வீட்டார் அப்படிச் செய்து, ஒரு நோட்டில் எழுதிவந்தார்கள். நாலு மாதத்தில் நோட்டும் காணோம், பேச்சுவார்த்தையும் இல்லை. நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் கொண்டாடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்றும் அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடமாகப் பொதுக்கணக்கு நமக்குத் தலைவலிதான் போலிருக்கிறது!

தவிர, பொது மீட்டருக்கு வீட்டுக்குரிய 100 யூனிட் இலவசமும் கிடையாது. பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சிறு கட்டடங்களுக்கு 2023 நவம்பரில் பொது மின்சாரத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். எங்கள் கட்டடம் அந்த வகைதான். அப்படியும் யார் எவ்வளவு எடுத்தார் என்ற சண்டை தீராது.

கடைசியில் நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். எல்லா வீட்டு மீட்டரும் கீழே, பார்க்கிங்கை ஒட்டிய சுவரில்தானே இருக்கிறது? என் மீட்டரிலிருந்து என் வண்டி நிற்கும் இடம் வரை தனியாக ஒரு லைன் இழுத்தோம். மாடிக்குப் போய்த் திரும்பி வரவேண்டியதில்லை. நான் எடுக்கும் கரண்ட் என் பில்லிலேயே வரும். யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டாம். சொந்த வண்டியை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரி வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. அதன் நகலைக் காட்டியதும் ஓனர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனையே வைத்துக்கொள்ளுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பைப்புக்குள். முனையில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், மூடி போட்ட பெட்டியில், தரையிலிருந்து நாலடி உயரத்தில். ஏரி நிரம்பும் வருடங்களில் நம் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த லைனுக்கென்று தனி எம்சிபி, தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்தப் பையன் கையில் சுர்ரென்றபோது இது இருந்திருந்தால் அந்த நொடியே கரண்ட் நின்றிருக்கும். விலையைப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு வந்த சிக்கல் எர்த். பழைய எர்த் குழி காய்ந்து கிடந்தது. சார்ஜரை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி ஏறவே இல்லை. வண்டிதான் கெட்டுவிட்டது என்று நான் பதறினேன். புதுக் குழி எடுத்து, கரி, உப்பு போட்டுத் தண்ணீர் விட்டபிறகு சரியானது. அந்தச் செலவை ஓனர் ஏற்றுக்கொண்டார். எட்டு வீட்டுக்கும் பாதுகாப்பு என்பதால் அது நியாயம். மற்றதெல்லாம் என் செலவு, பத்தாயிரத்துச் சொச்சம்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வாய்வார்த்தையில் எதையும் செய்யாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த இடம் உங்கள் வண்டிக்கு, செலவு யாருடையது, வீட்டைக் காலி செய்தால் லைன் யாருக்கு, பழுதானால் யார் பார்ப்பது. இந்த நாலும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நான் காலி செய்தால் லைன் கட்டடத்துக்கே என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துதான் ஓனர் பேனாவை எடுத்தார். அடுத்து வருபவருக்கு அது ஒரு வசதி, அவருக்கு வாடகை பேச ஒரு காரணம். இருக்கட்டுமே.

பணக்கணக்கு கேட்பீர்கள். நான் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இரண்டு மாத பில்லில் சுமார் 80 யூனிட் கூடியிருக்கிறது. அதே தூரத்துக்குப் பெட்ரோல் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ஒன்றில் மட்டும் உஷார். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரட்டை விலை போடுவார்கள். ஒரே ஒரு யூனிட் தாண்டியதற்கு 200 ரூபாய்க்கு மேல் கூடும். ஏசி ஓடும் சித்திரை, வைகாசியில் மீட்டரை அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

கார் வாங்கப்போகிறவர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. சின்ன மின் காரின் பேட்டரியே 20 யூனிட்டை ஒட்டி இருக்கும். சார்ஜர் 3.3 கிலோவாட், சுவரில் மாட்டுவது 7.2 கிலோவாட். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு அது தாங்காது. லோடு கூட்ட வேண்டும், அல்லது வண்டிக்கென்றே தனி இணைப்பு வாங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் அப்படித் தனி இணைப்பு கேட்கும் உரிமையைத் தருகின்றன. புது இணைப்புக்கான கெடு பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமப்புறத்தில் 15 நாள். ஓனரின் சம்மதக் கடிதத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இப்போது எங்கள் கட்டடத்தில் மூன்று வண்டி, மூன்று லைன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த எலக்ட்ரீஷியன் மறுபடி வருகிறார். உங்கள் கட்டடத்து எர்த்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் செயலாளர் ஐயாவிடம் பெயர் கொடுங்கள். மீட்டர் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சனிக்கிழமையே கேட்டு வைத்துவிடுங்கள். போனமுறை அதைத் தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று.